தோளில் சொன்ன பொய்

"அக்கா... அந்த நீலக் கவுன்..."

"எது, பொம்மைக்கு ஒரே துண்டா மாட்டியிருக்கே, அதுவா? உனக்கா? அடிப்பாவி... பீப்பாய்க்கு உறை போட்ட மாதிரி இருக்கும்டி! மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு துண்டாப் போட்டாத்தான் உன் உடம்பு கொஞ்சமாவது மறையும். வா, வா."

அவ்வளவுதான் பேச்சு. துணிக்கடை வாசலில், தங்கையின் பத்தொன்பதாவது வயதில். தாயில்லாத தங்கையை முகம் வாடாமல் வளர்த்தவள்தான் அக்கா. வாய் மட்டும் கத்தரிக்கோல். சொன்னதை அன்றைக்கே மறந்துவிட்டாள். தங்கை மறக்கவில்லை. கேட்க வந்ததும் ஒன்பது வருடமாகத் தொண்டைக்குழியை விட்டு வெளியே வரவில்லை.

இப்போது தங்கை பஸ் டிப்போவில் மெக்கானிக்; சேர்ந்து ஆறு வருடம். 'ஸ்பானர்' என்று சொன்னால்தான் அங்கே ஆளைத் தெரியும். இன்ஜின் இருமினால் எந்தப் பாகத்துக்குச் சளி என்று காதாலேயே சொல்லிவிடுவாள். ஆனால் அந்தக் கெட்டிக்காரி அந்த ஆறு வருடமும் ஒளிந்திருந்தது, இன்னொரு ஆளும் தாராளமாகக் குடியிருக்கலாம் போன்ற தொளதொளச் சட்டைக்குள்.

அன்று மதியம் தகரக் கூரையில் மழை கொட்டு மேளம் வாசித்துக்கொண்டிருந்தது. சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்தபடி பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்த்தவள், காலால் ஓர் உந்து உந்தி வெளியே வந்தாள்.

"ஐயோ!"

யாருடைய கணுக்காலிலோ பலகை மோதியது. மேலிருந்து அளவு நாடா ஒன்று அவிழ்ந்து அவள் மூக்கின் மேல் விழுந்தது. அதை விலக்கிப் பார்த்தாள்... தலைகீழாக ஒரு முகம். வலியிலும் சிரிக்கிற இரண்டு கண்கள். மழைத்துளி ஒன்று அவன் இமையிலிருந்து விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?" என்றாள், படுத்த நிலையிலேயே.

"நல்லாவே தெரியுதுங்க. பஸ்ஸுக்கு அடியிலேர்ந்து பொண்ணு வரும்னுதான் தெரியாது."

"பின்ன, பூதமா வரும்?"

"பூதம்னா ஒரு சத்தமாவது குடுத்திருக்கும்."

சிரிப்பை உதட்டிலேயே மடக்கிக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் சட்டையின் தோளைப் பிடித்து இழுத்துவிட்டாள். அது அவளுடைய பழக்கம். அதை அவன் பார்த்தான்... பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மூன்று தெரு தள்ளியிருக்கும் பெண்கள் உடைக் கடையின் கட்டிங் மாஸ்டர் அவன். தொங்குகிற துணியோடு ஓடுகிற இன்ஜின் பக்கம் யாரும் போகக் கூடாது என்று டிப்போவில் புது விதி. அதற்காகப் பெண்கள் அணிக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டான ஓவரால் தைக்க வந்திருந்தான்.

"கவுன் தெக்கிறவர் எங்களுக்கு எப்படித் தெப்பாரு? ஃப்ரில் வெச்சா?" என்றாள் எலக்ட்ரிக்கல் பிரிவின் 'பொடிசு'.

"கேட்டா வெச்சுட்டாப் போச்சு" என்றான். "ஆனா ஒண்ணு. சட்டை, பேன்ட்டுன்னா மேலுக்கு ஒரு சைஸ், கீழுக்கு ஒரு சைஸ்னு வாங்கித் தப்பிச்சுக்கலாம். ஒரே துண்டுல அது நடக்காது. தோள்ல சொன்ன பொய் இடுப்புல பிடிபட்டுடும். அதனால அளவு சரியா வேணும்."

ஓய்வறைத் திரைக்குப் பின்னால் அவனுடைய அம்மா நாடாவோடு நின்று ஒவ்வொருத்தியையும் அளந்து எண்ணைச் சொன்னாள். வெளியே அவன் குறித்துக்கொண்டான். பொடிசு, பெயின்ட் பிரிவின் 'கொக்கு', டயர் பிரிவில் எல்லோருக்கும் அக்காவான 'டயர் அக்கா' என மூவரும் முடிந்தார்கள்.

"அடுத்தது நீ வாம்மா" என்றாள் அம்மா.

நாடாவைக் கண்டதும் ஸ்பானருக்குத் துணிக்கடை வாசல் ஞாபகம் வந்தது. "என் அளவு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, போட்டிருந்த தொளதொளச் சட்டையின் சைஸையே ஒரு தாளில் கிறுக்கி அவனிடம் நீட்டினாள். தாளையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்புறம் பத்து நாளில் மூன்று தடவை வந்துவிட்டான். ஜிப் என்ன நிறம்? பாக்கெட் எத்தனை? காலர் மடக்கியா, நிமிர்த்தியா? மூன்று தடவையும் கேள்வி ஸ்பானரிடம்தான். போனில் கேட்டால் போதாதா என்று நினைத்தாள்... நான்காவது தடவை ஏன் இன்னும் வரவில்லை என்றும் நினைத்தாள்.

வந்தான், தைத்த உடைகளோடு.

முதலில் வெளியே வந்தது பொடிசு. இடுப்புத் தையலை ஒரு விரற்கடை ஏற்றி, கழுத்திலிருந்து நேர்கோடாக ஒரே ஜிப் இறக்கியிருந்தான். அவளே நம்பாமல் கீழே குனிந்து செருப்பைப் பார்த்தாள். "ஏய், நான் வளர்ந்துட்டேன்டி!"

கொக்குக்கு மார்பில் மூடி வைத்த இரண்டு பாக்கெட், இடுப்பில் அகலப் பட்டை. ஒட்டடைக் கம்பு போல இருந்தவளுக்கு ஓர் உருவம் வந்திருந்தது. டயர் அக்காவுக்கு இடுப்பில் ஒரு பாக்கெட்டும் இல்லை. தோளில் விறைப்பான பட்டி, கால் நேராக இறங்கியது. பார்வை தோளுக்குப் போக, இடுப்பு அடக்கமாக நின்றது. "எங்க வீட்டுக்காரர் பார்த்தா என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாரு!" என்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

கடைசியாக ஸ்பானர். ஓவராலின் கை அவள் விரலைத் தாண்டித் தொங்கியது. இடுப்பு முழங்காலுக்கு வழி கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது.

சூப்பர்வைசர் தலையை ஆட்டினார். "இந்தத் துணியோட இன்ஜின்கிட்ட விட முடியாதும்மா. வெள்ளிக்கிழமை தலைமை மெக்கானிக் தேர்வு. சரியான உடை இல்லைன்னா உன் பேரை எடுத்துடுவேன்."

ஆறு வருட உழைப்பு ஒரு சட்டைக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்பாத் தெச்சிருக்கீங்க" என்றாள் அவனிடம்.

"இல்லீங்க. நீங்க எழுதிக் குடுத்த அளவு நூல் பிசகாம இருக்கு" என்றான் மெதுவாக. "ஆனா நீங்கதான் இதுக்குள்ள இல்ல."

"உங்க வேலை தெக்கிறது. நான் எங்க இருக்கேன்னு தேடுறது இல்ல!"

அவன் முகம் சிறுத்துவிட்டது. குடையைக்கூட மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். 'போகட்டுமே' என்று நினைத்தாள். கண்தான் அவள் சொல் கேட்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது...

இரண்டு நாள் வீம்பு தாங்கியது. புதன்கிழமை மாலை, சொட்டச் சொட்ட நனைந்து அவன் கடை வாசலில் போய் நின்றாள்.

"குடையைக் குடுத்துட்டுப் போகலாம்னு..."

"குடையைக் கையில வெச்சுக்கிட்டே நனைஞ்சு வந்தீங்களா?"

"அது உங்க குடை. என்னோடது இல்லையே."

அவன் சிரித்துவிட்டான். அவளால் சிரிக்க முடியவில்லை. "அம்மா இருக்காங்களா? என்னை... அளக்கணும்."

உள்ளறையில் நாடா தோளைத் தொட்டபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். யாராவது பீப்பாய் என்று சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அம்மாவோ காய்கறிக்காரரிடம் பேசுகிற குரலில் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டே போனாள். பயந்துகொண்டிருந்த அந்த எண்கள் வெறும் எண்களாக இருந்தன. அவ்வளவுதானா! இதற்கா ஒன்பது வருடம்?

"தோளு ராணி தோளுடா" என்றாள் அம்மா கடைசியில், திரைக்கு வெளியே கேட்கும்படி. "அதைப் போய் மூட்டை கட்டி வெச்சிருக்கா."

வெள்ளிக்கிழமை காலை. அவளுடைய ஓவராலின் தோள் தையலை உள்ளே இழுத்து, காலரை ஆங்கில 'வி' எழுத்தாகத் திறந்து, நெஞ்சிலிருந்து கால் வரை இரண்டு நீளத் தையல்களை ஓட விட்டிருந்தான். முன்னால் பட்டை இல்லை; பின்னிடுப்பில் மட்டும் லேசான சுருக்கம். மணிக்கட்டில் பொத்தான். கண்ணாடிக்குள் நின்றவளை அவளுக்கு அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது... அடுத்த நொடி நிமிர்ந்தாள்.

தலைமை அலுவலகத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, மூன்று மெக்கானிக்குகள் கைவிட்ட பஸ்ஸிடம் போய்க் காதைக் கொடுத்தாள். "மூணாவது இன்ஜெக்டர். அதைக் கழட்டுறதுக்கு மேல இருக்கிற பைப்பைத் தூக்கணும்." தலைக்கு மேல் தொங்கிய பளு தூக்கும் சங்கிலியை எட்டிப் பிடிக்க இரண்டு கையையும் உயர்த்தினாள். ஆறு வருடத்தில் முதல் முறையாக, ஒரு கையும் தோளைப் பிடித்து இழுக்கவில்லை. துணி கூடவே எழுந்து கூடவே இறங்கியது.

நாற்பது நிமிடத்தில் இன்ஜின் சிங்கம் போல உறுமியது. டயர் அக்கா விசில் அடித்தாள். "தலைமை மெக்கானிக்!" என்று கொக்கும் பொடிசும் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. சூப்பர்வைசரே கை தட்டினார்.

வாசலில் தூறல். குடையோடு அவன் நின்றிருந்தான்.

"துணி எங்கேயும் பிடிக்கலியே?"

"இல்ல."

"ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? ஜிப் நிறம், பாக்கெட், காலர்... அதெல்லாம் ஆர்டர்லயே எழுதியிருந்துச்சு. சும்மாதான் வந்தேன்."

"தெரியும். பொடிசு ஆர்டரைப் படிச்சுட்டா."

அவன் காது சிவந்தது. "தெச்சுக் குடுத்ததும் அளவை மறந்துடணும், அதான் எங்க தொழில் தர்மம். எனக்கு மறக்க மாட்டேங்குது... அளவு இல்லீங்க. ஆளு."

தூறல் அவள் இமையில் வந்து உட்கார்ந்தது. இந்த முறை தலைகீழாக இல்லாமல், நேருக்கு நேராக அந்தக் கண்களைப் பார்த்தாள். தொண்டைக்குழியில் ஒன்பது வருடமாக நின்றிருந்தது மெல்ல அசைந்தது...

"எனக்கு ஒரு கவுன் வேணும். நீலக் கலர். ஒரே துண்டு. நீங்க எங்க வீட்டுக்கு வந்து எங்க அக்காகிட்ட என்னைப் பொண்ணு கேக்குற அன்னைக்கு நான் அதைத்தான் போட்டுக்கணும்... தெச்சுத் தர்றீங்களா?"