செவிமெத்தையும் ஒரு சடக்கும்

தலையணையால் அடித்த மாதிரி இருக்கிறது. இல்லை, அதைவிட மோசம். ஒரு தலையணையை இன்னொரு தலையணையால் அடித்த மாதிரி. சொன்னால் இந்தப் பையன் அழுதுவிடுவான். சொல்லாவிட்டால் ஊரே சிரிக்கும்.

செவ்வந்தி இப்படி நினைத்தாளே தவிர, வாயைத் திறக்கவில்லை. நினைப்பதையெல்லாம் சொல்லும் பழக்கம் அவளுக்கு எப்போதுமே இருந்ததில்லை. திரையில் தெரிந்த ஸ்நேர் டிரம் அடியை நூற்றுப் பதினேழாவது முறையாக ஓடவிட்டாள்.

பொத்.

பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டிருந்த இசையமைப்பாளன் ஜோயல் அவள் முகத்தையே பார்த்தான்.

“உண்மையச் சொல்லுங்கக்கா. எப்படி இருக்கு?”

“கொஞ்சம்... மெத்துன்னு இருக்கு.”

“மெத்துன்னா? இதென்னக்கா, இட்லியா?”

“இட்லியா இருந்தா தின்னுட்டாவது போயிடலாம்.”

செவ்வாய்க் கிரகத்தில் இருந்த செங்குடி, ஒரே பெரிய கண்ணாடிக் கூரைக்கு அடியில் அடங்கிய ஊர். காலையில் வெயில் ஏறும்போது கூரைத் தகடுகள் விரியும்; மாலையில் சுருங்கும். இரண்டு வேளையும் படீர் படீரென்று வெடிக்கும். முதலில் குடியேறியவர்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் கூரை போயிற்று என்று அலறி, தூக்கம் கெட்டு, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுந்து, கடைசியில் பூமிக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். அப்போது வந்ததுதான் செவிமெத்தை. அரிசிமணி அளவுள்ள கருவி. சட்டென்று தொடங்கும் எந்தச் சத்தத்துக்கும் முனையை மழுக்கி, உருட்டி, மெதுவாக மூளைக்குள் இறக்கிவிடும். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவார்கள். வெளியே தோடு, உள்ளே செவிமெத்தை. பிள்ளை வீறிட்டு அழும். கருவி வேலை செய்யத் தொடங்கியதும் தன் அழுகையே தனக்கு உறைக்காமல் திகைத்து நிறுத்திவிடும். அந்தக் கணத்தில் எல்லோரும் சர்க்கரை எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே செங்குடியில் பாத்திரம் விழுந்தாலும் பொத், கதவை அறைந்தாலும் பொத். கைதட்டல் கம்பளிமேல் மழை பெய்வது போலக் கேட்கும். சண்டையில் தட்டை வீசி எறிவதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று கண்டு புருஷன் பெண்டாட்டிகள் அதைக் கைவிட்டுப் பல வருடம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட ஊரில் செவ்வந்தி பார்த்த வேலை ஒலித்தச்சு. ஜோயல் போன்றவர்கள் கணினியில் போடும் மெட்டுக்குள் ஒவ்வொரு சத்தத்தையும் இழைத்து, சீவி, பொருத்திக் கொடுக்க வேண்டும். ஸ்நேர் டிரம்மின் அடித்தோலில் கம்பிச் சுருள்கள் இருக்கும் என்றும், மேலே குச்சி பட்டதும் அவை சிலிர்த்துச் ‘சடக்’ என்னும் என்றும், கால் எப்போது தரையில் பட வேண்டும் என்று அந்தச் சடக்குதான் சொல்லும் என்றும் பூமியிலிருந்து வந்த பழைய குறிப்புகளில் அவள் படித்திருந்தாள். படித்ததோடு சரி. பிறந்ததிலிருந்து ஒரு சடக்கைக் காதால் கேட்டதில்லை.

ஆனாலும் அதற்காக ஏங்கினாள். ஏன் என்று அவளுக்கு ஓரளவு தெரியும். அவள் குரலும் ஒரு பொத். பேசத் தொடங்கிவிட்டாள் என்பதே பாதி வாக்கியம் போன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன்’ சொல்லியும் வராதவள் என்று குறிக்கப்பட்டவள் அவள் ஒருத்திதான். தன் கையிலிருந்து புறப்பட்ட ஏதாவது ஒன்று ஒரே ஒரு தடவை ஊரைத் திரும்பிப் பார்க்கவைத்துவிட்டால் போதும், அதன் பிறகு ஆயுசுக்கும் முணுமுணுத்துக்கொண்டே இருந்துவிடலாம் என்று தோன்றும்.

“குடியேற்ற நாள் ஆட்டத்துக்கு இன்னும் பத்தே நாள்க்கா,” என்றான் ஜோயல். “நாலாம் மாடி ரோபோகிட்டக் குடுத்துடச் சொல்றாங்க. அது நிமிஷத்துக்கு நானூறு ஸ்நேர் போடுதாம்.”

“நானூறும் பொத்துதான் ஜோயல்.”

“அது ‘அருமை, அருமை’ன்னு சொல்லிக்கிட்டே போடுதுக்கா. மனசுக்கு இதமா இருக்கு.”

அவள் முயலாத வழியில்லை. அடியின் மேல்சுருதியைக் கூட்டினாள். வாலை நறுக்கினாள். தகரத்தில் செம்மணலை வாரி இறைத்துப் பதிவு செய்து மேலே பூசினாள். உறையவைத்த அவரைக்காயை ஒடித்து அதையும் சேர்த்தாள். எவ்வளவு கூர்மையாகச் சீவினாலும் அவ்வளவு கரிசனத்தோடு செவிமெத்தை அதை மழுக்கியது.

வீட்டில் சாப்பிடும்போது தணிகாசலத்திடம் சொல்லிப் பார்த்தாள். அவள் புருஷன், கூரை விரிசல்களை ஒட்டும் வேலைக்காரன். இடுப்பில் கயிறும் கையில் பசைத்துப்பாக்கியுமாகப் பகல் முழுவதும் கண்ணாடிக்கு அடியில் பல்லி மாதிரித் தொங்குகிறவன்.

“ஏங்க, காதுக்குள்ள இருக்கறது எந்தச் சத்தத்தையுமே சும்மா விடாதா?”

“ம்.”

“எதைக் கேட்டேன்னு சொல்லுங்க பாப்போம்.”

“கொழம்புக்கு உப்புப் போதுமான்னு கேட்டே.”

அவள் உப்பை எடுத்துவைத்தாள். கொஞ்சநேரம் மென்றுவிட்டு அவனாகவே சொன்னான். “எங்க மணிய மட்டும் விடும். கூரை ஓட்டை விழுந்தா அடிக்கிற மணி. நாளைக்குக் காலையில ஒத்திகை இருக்கு, பயந்துடாதே.”

அப்படியானால் கேட்டுத்தான் இருக்கிறான். உப்பு, தன் மனைவியோடு அவன் விளையாடும் விளையாட்டு. இதைக்கூட இத்தனை வருடம் தான் கவனிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை நடக்கும் அந்த ஒத்திகை செங்குடியில் எல்லோருக்கும் பழக்கம். மணி கேட்டால் மூன்று காரியம் செய்ய வேண்டும்: குந்து, சுவரைத் தொடு, முகமூடி போடு. நடக்கப் பழகுவதற்கு முன்பே குழந்தைகள் குந்தப் பழகிவிடும். மறுநாள் மணி அடித்தபோது செவ்வந்தியும் குந்தினாள். ஆனால் பதிவுக் கருவியை ஓடவிட்டுக் குந்தினாள். பிறகு அந்த ஒலியை விரித்துப் பார்த்தாள். மணியின் முதல் மூன்று மில்லி நொடியில் ஒரு நுணுக்கமான கீறல் இருந்தது. செவிமெத்தைக்கான சாவி அதுதான். அதைக் கேட்டதும் மெத்தை அரை நொடி விலகிக்கொள்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் நேராக உள்ளே போகிறது.

அந்தக் கீறலை மட்டும் நறுக்கி எடுத்து ஸ்நேருக்கு முன்னால் ஒட்டினாள். ஓடவிட்டாள்.

சடக்!

செவ்வந்திக்கு உச்சந்தலை குளிர்ந்தது. ஜோயல் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். விழுந்த சத்தம் பொத்தென்றுதான் கேட்டது. தரையில் கிடந்தபடியே, “இன்னொருக்கா போடுங்கக்கா,” என்றான். அவன் கண்ணில் தண்ணீர்.

“எப்படிக்கா பண்ணீங்க?”

“கொஞ்சம் சீவினேன்,” என்றாள் செவ்வந்தி. அவள் சொன்ன முதல் பெரிய பொய் அது. அவ்வளவு சின்னக் குரலில் சொன்னால் பொய்யும் அடக்கம்போலத் தோன்றும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டாள்.

குடியேற்ற நாளில் செங்குடி முழுவதும் ஆடியது. ஒவ்வொரு சடக்குக்கும் ஜனங்களுக்கு முழங்கால் தானாக மடிந்தது, பழக்கதோஷம். பாதி குந்தி, நிமிர்ந்து, மறுபடி குந்தி... இரண்டே நாளில் அதற்குக் குந்தாட்டம் என்று பெயரும் வந்துவிட்டது. கடைவீதியில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் செவ்வந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். “நீங்கதானே அந்தச் சடக்கு?” என்றார்கள். அவள் “ஆமா” என்று முணுமுணுத்தாள். யாருக்கும் கேட்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நாலாம் மாடி ரோபோவுக்கு அவள் சூட்சுமத்தைக் கண்டுபிடிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. “அருமை,” என்றபடி கேட்டவர்களுக்கெல்லாம் அதைக் கொடுத்தது. முதலில் மற்றப் பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் விளம்பரக்காரர்கள். அப்புறம் பள்ளிக்கூட மணி, மின்தூக்கி, பல் துலக்கச் சொல்லும் கண்ணாடி, தண்ணீர்த்தொட்டி நிரம்பினால் கூவும் குழாய். கூழ் வெந்துவிட்டது என்று சொல்லும் அடுப்புகூடச் ‘சடக், வெந்தாச்சு’ என்றது. செங்குடிக்காரனின் செவிமெத்தை நாளுக்குப் பல்லாயிரம் தடவை விலகித் திரும்பியது. முதல் மாதம் ஜனங்கள் திடுக்கிட்டார்கள். இரண்டாம் மாதம் முகம் சுளித்தார்கள். மூன்றாம் மாதம் ஒருவர் முகத்திலும் எந்தச் சலனமும் இல்லை.

“அக்கா, நம்ம சடக்கு மழுங்கிப் போச்சுக்கா,” என்றான் ஜோயல். “இன்னும் கொஞ்சம் சீவுங்க.”

அந்த வாரம்தான், ஒரு முற்பகலில், கடுகளவு விண்கல் ஒன்று கடைவீதிக்கு மேலே கூரையைத் துளைத்தது.

மணி அடித்தது. கடைவீதியில் இருந்த நூறு பேரும் அழகாகக் குந்தினார்கள். அழகாக எழுந்தார்கள். அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்கள். “பாட்டு மாட்டிக்கிச்சு போல,” என்றார் ஒருவர். காற்றழுத்தம் இறங்கவும் தேநீர்க்கடையில் இளஞ்சூட்டில் வைத்திருந்த பால் தீயைக் கூட்டாமலே குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. அதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் “பொங்கலோ பொங்கல்!” என்று கூவ, ஊரே கூடச் சேர்ந்துகொண்டது.

தலைக்கு மேலே கயிற்றில் தொங்கியபடி தணிகாசலம் கத்தினான். “முகமூடியப் போட்டுத் தொலைங்கய்யா!”

“ஒன்ஸ் மோர்!” என்று கீழேயிருந்து பதில் வந்தது. சிலர் அவனைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

அவன் ஒற்றை ஆளாக ஓட்டையை அடைத்தான். கீழிருந்து பசைக்குப்பி எறிய வேண்டிய உதவியாளன் குந்தாட்டத்தில் மூழ்கியிருந்ததால், கடைசியில் உள்ளங்கையையே ஓட்டையில் வைத்து நாலு நிமிடம் அழுத்திக்கொண்டிருந்தான். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அவன் கையில் மட்டும் ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு தழும்பு.

செவ்வந்தி மருந்து தடவினாள். சடக்கென்று ஒரு சத்தம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காக உங்கள் மணியிலிருந்து மூன்று மில்லி நொடியைத் திருடினேன். அவ்வளவுதான் விஷயம். மெல்லச் சொல்லியும் விட்டாள்.

“ம்,” என்றான் தணிகாசலம்.

“என்ன சொன்னேன்னு...”

“கேட்டுச்சு,” என்றான். இந்தத் தடவை உப்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

மறுநாள் பாதுகாப்புத்துறை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வழியெல்லாம் அவள் மன்னிப்பு வாசகங்களை மனதில் அடுக்கிக்கொண்டே போனாள். காதைப் பிடுங்குவார்களா, வேலையைப் பிடுங்குவார்களா? இரண்டுக்கும் தயாராக இருந்தாள். தலைமை அதிகாரி நசீமா பானு எழுந்து வந்து கதவருகிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க செவ்வந்தி, வாங்க! நீங்கதானே அந்தச் சடக்கு? என் மக ஆடாத நாளே இல்ல.”

“மேடம், அந்த மூணு மில்லி நொடி...”

“எல்லாம் தெரியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்.” அவர் உட்கார்ந்தார். மேசையில் ஏழு சிவப்பு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ‘மிக அவசரம்’ என்று எழுதியிருந்தது. பேச்சோடு பேச்சாக, சட்டையில் விழுந்த தூசியைத் தட்டுவது போல அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி அணைத்தார். “மணி அடிச்சா ஒருத்தரும் மதிக்கறதில்ல. ஏன்? பாட்டு மணியவிடக் கூர்மையாயிடுச்சு. ஆகவே மணியப் பாட்டவிடக் கூர்மையாக்கணும். இந்த ஊர்ல அது ஒங்க ஒருத்தராலதான் ஆகும்.”

செவ்வந்தி அணைந்துபோன விளக்குகளைப் பார்த்தாள்.

“புதுசா ஒரு பதவியே போட்டுத் தர்றோம். தலைமை ஒலித்தச்சர். மணிக்குன்னே ஒரு சடக்கு. ஜோயல்கிட்டயும் பேசிட்டேன், சந்தோஷத்துல குதிக்கிறார். அடுத்த பாட்டுக்கு அதையே எடுத்துக்கறாராம்.”

எட்டாவது விளக்கு எரிந்தது. நசீமா பானு பார்க்காமலே அதையும் தட்டினார். ஒப்புதல் தாளை நீட்டினார். அதன் தலைப்பிலும் சிவப்பு எழுத்தில் ‘மிக மிக அவசரம்’.

தலைமை ஒலித்தச்சர். இனி தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மூன்று மாதம் பார்ப்பார்கள். அவளுக்கு அந்த ஊதாத் தழும்பு நினைவுக்கு வந்தது. அவன் “கேட்டுச்சு” என்றதும் வந்தது. அதற்கு அவள் எதையும் சீவ வேண்டியிருக்கவில்லை.

தாளை மேசையில் வைத்து, இரண்டு விரலால் மறுபக்கம் நகர்த்தினாள். பிறகு ஏதோ சொன்னாள்.

அது மிகவும் மெல்லிய குரல். நசீமா பானு, அப்போதுதான் எரிந்த ஒன்பதாவது விளக்கை நோக்கிப் போன கையை நடுவிலேயே நிறுத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் சாய்ந்தார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக ஒரு முகத்தை நேராகப் பார்த்தார்.

“என்ன சொன்னீங்க?”

“வேணாம் மேடம்,” என்றாள் செவ்வந்தி, முதலில் சொன்னதைவிட இன்னும் கொஞ்சம் மெதுவாக.