காற்று புகாத அறை

மண்ணெண்ணெய் விளக்கில் இரண்டு சுடர் தெரிந்தது. நேசம்மாள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். இப்போது மூன்று.

பிள்ளை பெற்று இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கணவன் ஆபேல் கொழும்பில் இருந்தான். திருவட்டாறுப் பக்கம் ஆடிச் சாரல் விடாமல் பிடித்திருந்தது. போன மழைக்காலத்தில் தலைப்பிள்ளையைச் சன்னிக்குப் பறிகொடுத்த வீடு அது. அதனால் ஆபேலின் அக்காள் தங்கபாய் இம்முறை சன்னலை அறைந்து சாத்தி, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்து, கட்டிலுக்கடியில் சிரட்டைக் கனல் நிரம்பிய சட்டியை வைத்திருந்தாள். அன்பு என்று வந்துவிட்டால் தங்கபாய்க்கு அளவே கிடையாது.

"மைனி, நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்குது. கண்ணும் மங்குது."

"பெத்த ஒடம்புட்டி. ரெத்தம் போனா கண்ணு இருட்டத்தான் செய்யும். இந்தச் சுக்குவெள்ளத்தக் குடி."

மதியம் கொல்லைக்குப் போனபோது மட்டும் தலைவலி விட்டது. மழைக்காற்று முகத்தில் அடிக்க, வாழை இலைகள் துலக்கமாகத் தெரிந்தன. திரும்பி வந்து படுத்ததும் மறுபடி அதே இடி. அப்படியென்றால் நோய் தன் உடம்பில் இல்லை, இந்த அறையில் இருக்கிறது.

"மைனி, இந்த அறையில என்னமோ இருக்கு. பிள்ளைய வெளிய கொண்டு போங்க."

தங்கபாயின் முகம் வெளுத்தது. வேதப்புத்தகத்தை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். சட்டியில் இன்னும் இரண்டு கை கரி அள்ளிப் போட்டாள்.

"நான் உபதேசியாரக் கூட்டிட்டு வாறேன். ஜெபிச்சா எல்லாம் ஓடிரும். நீ அனங்காமக் கெட."

கதவு சாத்தும் சத்தம். வெளியிலிருந்து அதன் இடுக்கிலும் துணி நுழைந்தது.

சுவர் அருகில் வந்தது, விலகியது. மூலையில் யாரோ குனிந்து நிற்பதுபோல ஒரு கறுப்பு. கண்ணை மூடினாலும் நின்றது. பிள்ளை சிணுங்கியது. கை நீட்டினாள். கை எழவில்லை. கால் எழவில்லை. பிள்ளை மறுபடி சிணுங்கியது.

பிறகு சிணுங்கவில்லை.

மழை. கனல் வெடிக்கும் ஓசை. மழை.

எப்போதோ கதவு திறந்தது. குடை மடக்கும் ஒலி, உபதேசியார் ஞானதாசனின் செருமல். நேசம்மாள் பேச வாயெடுத்தாள். நாக்கு புரளவில்லை. தங்கபாயின் மங்கலான உருவம் குனிந்து பிள்ளையைத் தூக்கியது.

"பாருங்க உபதேசியாரே! பிறந்தப்ப வெளிறிக் கெடந்த மொகம், சூடு பட்டதும் எப்பிடிச் செவந்திருக்கு! என்னா ஒறக்கம் ஒறங்குதான்!"

குளிர் நுழையாதபடி கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். பிள்ளையைத் தோளில் சாய்த்தாள். அதன் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. மெல்ல நேராக்கி வைத்து, சிரித்தபடியே தட்டிக்கொடுத்தாள்.