ஆரஞ்சு மாமாவின் சினிமா

அந்தமானில், போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் நூர்முகம்மதுவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பொட்டலம் மடிக்க மெட்ராஸிலிருந்து கப்பலில் பழைய பேப்பர் வரும். மூட்டையைப் பிரித்து அடுக்குவது அவர் மகள் மஸூதாவின் வேலை. ஒருநாள் அதற்குள்ளிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் விழுந்தது.

எழுத்து தமிழும் இல்லை, இந்தியும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. குட்டிக் குட்டிப் பெட்டிகளை வரிசையாக வைத்ததுபோல இருந்தது. ஆனால் படங்கள் புரிந்தன. ஆரஞ்சுத் தோட்டத்துக்கு மேலே, நீலத் துணியை முதுகில் கட்டிக்கொண்டு ஒருவர் பறந்துகொண்டிருந்தார்.

"வாப்பா, இதை நான் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. மிளகாய்க்கு மட்டும் கெட்டிப் பேப்பராப் பார்த்து வை."

மஸூதா நேராக டெய்ரி ஃபார்ம் என்ற பகுதிக்கு நடந்தாள். அங்கேதான் அவளோடு ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நீலாவதியின் வீடு.

நீலாவதியின் அம்மா வைத்தியத்துக்காகக் கப்பலேறி மெட்ராஸ் போயிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தந்தி வந்தது. அம்மா இறந்துவிட்டார். அடுத்த கப்பலுக்குப் பத்து நாள் இருந்தது. அதனால் அப்பா சண்முகத்தால் போகவும் முடியவில்லை. எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது.

அதிலிருந்து அந்த வீட்டில் பேச்சே இல்லை. அப்பா ஆபீஸ் போவார், வருவார், சோறு வடிப்பார், ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவார். நீலாவதியும் யாரோடும் பேசுவதில்லை.

புத்தகத்தைப் பார்த்ததும் அவள் கொஞ்சம் நிமிர்ந்தாள். அட்டையில் இருந்தது ஒரு போட்டோ. அதே நீலத் துணியோடு நிஜ மனிதர் ஒருவர் நின்றார். பக்கத்தில் பெரிய சினிமா கேமரா.

இருவரும் பக்கங்களைப் புரட்டினார்கள். முதலில் ஒரு சிறுமி அழுதாள். பக்கத்தில் பறக்கும் மனிதர் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் மணலைத் தோண்டினார். மணலுக்குள் ஒரு அம்மா கிடந்தாள். அடுத்த பக்கத்தில் அந்த அம்மா புழுதிக் காற்றில் நடந்தாள். கடைசியில் வீட்டில் மகளுக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்தாள்.

"இவர் பேர் என்ன?" என்று கேட்டாள் நீலாவதி.

"யாருக்குத் தெரியும்? ஆரஞ்சு மாமான்னு வெச்சுக்கலாம்."

இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நீலாவதி லேசாகச் சிரித்தாள்.

மறுநாள் பள்ளியில் அன்னம்மாள் டீச்சரிடம் காட்டினார்கள். டீச்சர் கொச்சியில் வளர்ந்தவர்.

"இது ஹீப்ரு எழுத்து. எங்க பக்கத்து வீட்டுல யூதக் குடும்பம் ஒண்ணு இருந்துச்சு. அவங்க ஜெபப் புத்தகம் இந்த எழுத்துலதான் இருக்கும். இப்போ இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா போட்டோவைப் பார்த்தா, இந்தக் கதையை அங்கே சினிமாவா எடுக்கிறாங்க போல."

"நம்ம ஊருக்கு வருமா டீச்சர்?"

"இங்கே தமிழ்ப் படம் வரவே ஆறு மாசம் ஆகுது! மெட்ராஸுக்கு வேணா வரலாம்."

டீச்சர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் நீலாவதியின் முகம் மாறிவிட்டது. மணி அடித்ததும் மஸூதாவை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"எங்கம்மா செத்ததை யார் பார்த்தா? நான் பார்க்கலை. அப்பாவும் பார்க்கலை."

நீலாவதி புத்தகத்தின் அட்டைப் போட்டோவைத் தொட்டுக் காட்டினாள்.

"வரையறதுன்னா யார் வேணா என்ன வேணா வரையலாம். சினிமால நிஜ ஆளுதானே வருவாங்க? அதுல அந்த அம்மா மண்ணுலேருந்து எழுந்து வந்தா, அப்படி நிஜமாவே நடக்கும்னுதானே அர்த்தம்? சனிக்கிழமை கப்பல் போகுது. அம்மாவைத் தேடி நான் ஏறப் போறேன். யார்கிட்டயும் சொல்லாதே."

வெள்ளிக்கிழமை மாலை மஸூதா மதரஸாவில் ஓத உட்கார்ந்தாள். அரபிக் கிதாபை வலப்பக்கத்திலிருந்து திறந்தாள். தினமும் அப்படித்தான் திறப்பாள். இன்று ஏனோ, வலமிருந்து இடமாக நகர்ந்த அவள் விரல் வரியின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடினாள். படக்கதையை மறுபக்கத்திலிருந்து திறந்தாள். பெரிய தலைப்பு அங்கேதான் இருந்தது. அதுதான் முதல் அட்டை!

அம்மா ரொட்டி கொடுக்கிறாள். புழுதிக் காற்றில் நடக்கிறாள். மணல் மூடுகிறது. ஆரஞ்சு மாமா பறந்து வந்து தோண்டுகிறார். தாமதமாகிவிட்டது. சிறுமி அழுகிறாள்.

மஸூதா புத்தகத்தை மூடினாள். சொன்னால் நீலாவதி நொறுங்கிப் போவாள். சொல்லாவிட்டால் கப்பலேறிவிடுவாள்.

சனிக்கிழமை காலை கப்பல் நிற்கும் ஜெட்டியில் கூட்டம் நெரிந்தது. ஒரு பெரிய குடும்பத்தின் பெட்டிகளுக்கு நடுவே, பையை அணைத்துக்கொண்டு நீலாவதி நின்றிருந்தாள். அந்தக் குடும்பத் தலைவர் தன் நான்கு பிள்ளைகளை இந்தியில் எண்ணினார்.

"ஏக், தோ, தீன், சார்… பாஞ்ச்?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி எண்ணத் தொடங்கினார். அதற்குள் மஸூதா நீலாவதியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்து வந்தாள்.

"நாம தப்பாப் படிச்சிட்டோம், நீலா. இது நான் ஓதுற கிதாப் மாதிரி. வலப்பக்கத்துலேருந்து பார்க்கணும்."

"பொய்! நான் போகக்கூடாதுன்னு சொல்றே."

"நீயே பாரு."

நீலாவதி வெடுக்கென்று பிடுங்கினாள். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றாள்.

"இவ்வளவு உயரம் பறக்கிறாரே. அவராலயும் முடியலையா?"

"முடியலை, நீலா."

கப்பல் ஊதியது. நீலாவதி அழுதாள். தந்தி வந்த அன்றுகூட அவள் அழவில்லை. மஸூதா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அழுகை அடங்கியதும், "அப்பாகிட்டே போகலாமா?" என்று மஸூதா கேட்டாள்.

சண்முகம் ஆபீஸ் வாசலுக்கு வந்தபோது அவர் விரலில் மை ஒட்டியிருந்தது. மகளின் கையில் பையைக் கண்டு அவர் முகம் வெளுத்தது.

"அப்பா, அம்மாவுக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கிழிந்த ஒரு கடிதத்தை எடுத்தார்.

"மெட்ராஸ்லேருந்து உன் மாமா எழுதினது. உன்கிட்டே படிச்சுக் காட்ட எனக்குத் தைரியம் வரலம்மா."

"இப்போ படிங்க."

மெதுவாகப் படித்தார். கடைசி இரண்டு நாளும் அம்மாவுக்கு நினைவு தப்பித் தப்பி வந்ததாம். ஆஸ்பத்திரிக் கட்டிலைக் கப்பல் என்றே நினைத்தாராம். "போர்ட் பிளேர் வந்தாச்சா? நீலா ஜெட்டிக்கு வந்திருப்பா," என்று சொல்லிக்கொண்டே தூங்கினவர், எழுந்திருக்கவில்லையாம்.

சண்முகத்தின் குரல் உடைந்தது. நீலாவதி அவர் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"அப்பா, அம்மா வேற என்ன சொன்னாங்க?"

"நிறைய எழுதியிருக்கார். படிக்கிறேன், இரு."

மஸூதா சத்தமில்லாமல் நழுவிப் போய், பஜாரில் தேநீரும் மூன்று பன்னும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.