அங்கவடி எங்கே?

காலை எட்டு நாற்பது. கம்பவுண்டர் ஹனீஃபா கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். மூடினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தார்.

"யா அல்லாஹ்! ரெண்டுதான் இருக்கு!"

இருக்கவேண்டியது மூன்று. சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மனிதக் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள். முதல் இரண்டும் கறுப்பு வெல்வெட்டில் சுகமாகப் படுத்திருந்தன. குதிரைச் சேணத்தின் கால் வளையம் போலிருக்கும் அங்கவடியைத்தான் காணோம். அரிசிமணியில் பாதிகூடத் தேறாத எலும்பு, ஆஸ்பத்திரியையே கலக்கிவிட்டது.

1962. புத்தூரில் டாக்டர் ரத்தினவேலின் காது, மூக்கு, தொண்டை ஆஸ்பத்திரி. மருத்துவ மாணவர்களின் ஒரு மாதப் பயிற்சி முடிகிற சனிக்கிழமை. பத்து மணிக்குப் பரீட்சை. மூன்று எலும்பையும் இடுக்கியால் எடுத்து, வரிசையாகக் கோத்துக் காட்டவேண்டும்.

முந்தின மாலை பெட்டியைக் கடைசியாக எடுத்துப் பழகியவள் மாணவி வஹீதா. நோட்டில் அவள் கையெழுத்து இருந்தது.

"கடைசிக் கையெழுத்து யாருதோ அவங்கதான் பொறுப்பு," என்றார் டாக்டர். "பத்து மணிக்குள்ள எலும்பு வரலேன்னா மத்தவங்களுக்குப் பரீட்சை திங்கட்கிழமை. உனக்கு ஆறு மாசம் கழிச்சு."

இந்த வருஷம் தேறாவிட்டால் படிப்புக்கு முழுக்கு என்று பாலக்கரையில் வஹீதாவின் வாப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அழலாமா என்று அரை நிமிஷம் யோசித்தாள். அழுதால் மூக்கு அடைக்கும், கூடவே மூளையும் அடைக்கும். வேண்டாம்.

"நான் திருப்பி வச்சேன் சார். பத்து மணி வரைக்கும் என்னை விசாரிக்க விடுங்க."

ஒன்பது மணி. எலும்புப் பெட்டி இருந்த அறையை ஹனீஃபா திறந்தது எட்டு மணிக்கு. அதன்பின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் மூன்றே பேர். யாரும் வெளியே போகவில்லை. ஹனீஃபா எல்லோருடைய பையையும் உதறிப் பார்த்துவிட்டார். ஆயா அமிர்தத்தின் சுருக்குப் பையில் வெற்றிலை. மாணவன் ரங்கபாஷ்யத்தின் சட்டைப் பையில் போன வெள்ளிக்கிழமை மேட்னி டிக்கெட். பரீட்சை நோயாளி செல்லக்கண்ணுவிடம் அதுவும் இல்லை.

பெட்டியை வைக்கிற அலமாரியின் கதவைத் திறந்தால் கழுதைபோலக் கத்தும். வஹீதா அதையே பிடித்துக்கொண்டாள்.

"கதவுச் சத்தம் கேட்டுதா?"

"பெருக்கிட்டுக் கொல்லையில வாளி அலம்பப் போயிட்டேன் டாக்டரம்மா," என்றாள் அமிர்தம்.

செல்லக்கண்ணு காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். செவிப்பறையில் ஓட்டை. ஏழு வருஷமாகப் பரீட்சைக்கு வந்து அதைப் பெருமையோடு காட்டுபவர். "எனக்கு ஓட்டைக் காது. வாசல்ல உக்காந்திருந்த தம்பிக்கு அடைச்ச காது. தெருவுல கல்யாண வீட்டு ஒலிபெருக்கி வேற. நல்ல காவல் போட்டீங்க போங்க!"

அறை வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவன் ரங்கபாஷ்யம். ஸ்ரீரங்கத்துப் பையன். இடது காதில் ஒரு பஞ்சு உருண்டை.

"கார்த்தால அம்மா மண்டபப் படித்துறையில முழுக்குப் போட்டேன். தண்ணி புகுந்து இடது காது கம்முனு அடைச்சிண்டிருக்கு. வலது காதுல ஒலிபெருக்கி. கதவு கத்தினா எனக்கெங்கே கேக்கும்?"

பொருத்தமான பதில். கொஞ்சம் அதிகப் பொருத்தம்.

ஒன்பது இருபத்தைந்து. டாக்டர் அறையில் வஹீதா ட்யூனிங் ஃபோர்க்கைக் கையில் எடுத்தாள். தட்டினால் ரீங்கரிக்கும் இரும்புக் கவை. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் அதை வைத்துத்தான் பாடம் நடத்தியிருந்தார். மூவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். தட்டி, நடு நெற்றியில் வைத்தாள்.

"எந்தக் காதுல கேக்குது?"

"நடு மண்டையில கேக்குதும்மா," என்றாள் அமிர்தம்.

"ஓட்டைக் காதுலதான் கனமா கேக்குது," என்றார் செல்லக்கண்ணு.

"வலது," என்றான் ரங்கபாஷ்யம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு வஹீதா? இடதுதான் அடைச்சிருக்கே!"

டாக்டரின் மீசை துடித்தது.

ஒன்பது நாற்பது. வஹீதா எல்லோரையும் உள்ளே அழைத்தாள். "எலும்பு ரங்கபாஷ்யத்துக்கிட்டதான் இருக்கு சார்."

"பையெல்லாம் பாத்தாச்சேம்மா!" என்றார் ஹனீஃபா.

"காதைப் பாக்கலையே! நெத்தியில வச்சா, அடைச்ச காதானாலும் ஓட்டைக் காதானாலும் அந்தப் பக்கம்தான் சத்தம் பெரிசா கேக்கும். செல்லக்கண்ணு அண்ணனுக்குக் கேட்டுச்சே, அது மாதிரி. இவருக்கு இடது காது நிஜமாவே அடைச்சிருந்தா இடதுன்னு சொல்லியிருப்பார். வலதுன்னார். அப்ப கேட்டதைச் சொல்லல, அடைச்ச காதுல கேக்காதுன்னு கணக்குப் போட்டுச் சொன்ன பொய். அடைப்பே இல்ல. அடைப்பில்லாத காதுக்குப் பஞ்சு எதுக்கு?"

டாக்டர் நெற்றிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் பஞ்சை உருவினார். பிரித்தார். உள்ளே அங்கவடி.

"இந்தக் கையால புளியங்கொட்டை எடுத்திருக்கேன், பட்டாணி எடுத்திருக்கேன். காதுலேருந்து காது எலும்பையே எடுக்கிறது இதான் முதல் தடவை!"

ரங்கபாஷ்யத்தின் முகம் தொங்கிப்போனது. "எனக்குக் கோக்கவே வரலை சார். எலும்பைக் காணோம்னா பரீட்சை தள்ளிப்போகும், அதுக்குள்ள படிச்சுட்டுத் திருப்பி வச்சுடலாம்னு நினைச்சேன். வஹீதா, உங்க தலையில விடியும்னு தெரியாது. மன்னிச்சுடுங்கோ."

"மன்னிச்சேன்," என்றாள் வஹீதா. "அந்த மேட்னிக்குப் போகாம வகுப்புக்கு வந்திருந்தா இன்னிக்கு என்னையே ஏமாத்தியிருப்பீங்க!"

"எலும்பை எடுத்ததுக்கு அவ மன்னிச்சுட்டா," என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமைப் பாடம் தெரியாததுக்கு நான் மன்னிக்க மாட்டேன். நீதான் ஆறு மாசம் கழிச்சு வரணும்!"

"அடைச்ச காதுல எப்படி சார் பெரிசா கேக்கும்?" ரங்கபாஷ்யத்துக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

"ஒரு காதை விரலால பொத்திக்கிட்டு 'ம்'னு முனகிப் பாருங்க," என்றாள் வஹீதா.

முனகினான். கண்கள் விரிந்தன. செல்லக்கண்ணு தன் நல்ல காதைப் பொத்தி முனகினார். அமிர்தமும் ஹனீஃபாவும் சேர்ந்துகொண்டார்கள். அறை முழுக்க வண்டுக் கூட்டம் புகுந்தாற்போல ஒரே ரீங்காரம்.

மணி பத்து அடித்தது. அந்த ரீங்காரத்துக்கு நடுவே வஹீதா இடுக்கியை எடுத்தாள். சுத்தி, பட்டடை, அங்கவடி. மூன்றையும் வரிசையாகக் கோத்துக் காட்டினாள்.

அவள் சான்றிதழில் கையெழுத்துப் போட டாக்டர் பேனாவை எடுத்தார். அவருடைய இடது கை விரலும் காதில்தான் இருந்தது.