தத்துக்கு ஒரு தகப்பன் தேவை

பல் டாக்டர் பாத்ரூமில் கிடந்தார்.

பிணமாக!

பின்மண்டையில் ரத்தம். வாஷ்பேசின் விளிம்பிலும் ரத்தம்.

காலிங் பெல் அலறியது.

"அக்கா... வந்துட்டாங்க!"

தம்பி பதறினான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். செத்துப்போன மாமாவின் சட்டைக்குள் அவனுடைய நாற்பது வயதுத் தொப்பை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

அக்கா பாத்ரூமைப் பூட்டி, சாவியை அவன் பாக்கெட்டில் திணித்தாள். கணக்கு டீச்சர்.

"மூணு வருஷம்டா! மூணு வருஷம் காத்திருந்து, இன்னிக்குத்தான் தத்து அதிகாரி வீட்டைப் பாக்க வராங்க. பாஸானா அந்தக் குட்டிப் பொண்ணு எனக்கு. புருஷன் செத்துட்டான்னா ஃபைலையே மூடிடுவாங்க. ஒரு மணி நேரம் நீதான் என் புருஷன்!"

"கருமம்..."

"சிரிடா!"

ஃப்ரிட்ஜ் கதவில், புகைப்படத்தில், இரண்டு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழந்தைக்காக டீச்சர் உயிரையே கொடுப்பாள். காலையில் ஓர் உயிரை எடுத்தே விட்டாள்.

"எனக்குக் குழந்தை வேணாம். மனுவுல இருந்து என் பேரை..." என்று காலையில் பாத்ரூமில் டாக்டர் ஆரம்பித்தார்.

முடிக்கவில்லை. ஒரே தள்ளு!

கதவு திறந்தது. குள்ளமான ஓர் அம்மாள், கையில் தடித்த ஃபைலோடு உள்ளே வந்தாள். தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் கணவரா?"

"ஆமாங்க... அக்கா, மேடத்துக்குத் தண்ணி குடு!"

"அக்காவா?"

"செல்லமா அப்படித்தான் கூப்பிடுவாருங்க" என்றாள் டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதிகாரி ஸ்விட்ச் போர்டைத் தடவினாள். பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள்.

"பாத்ரூமைக் காட்டுங்க. தரை வழுக்குதான்னு பாக்கணும்."

"வழுக்கும்... இல்ல, வழுக்காது! ரிப்பேர் மேடம். பூட்டியிருக்கு."

"சரி. கணவர்கிட்ட நான் தனியாப் பேசணும். விதி அப்படி."

படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது. டீச்சர் காதை ஒட்டவைத்தாள்.

"கடைவாய்ப் பல் ஆடுது டாக்டர். என்ன பண்ணலாம்?"

"பதறவே கூடாதுங்க. மெதுவா க்ளட்ச்சை விட்டு..."

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் வெறும் கிசுகிசுப்பு. பத்து நிமிடம்!

அதிகாரி மட்டும் வெளியே வந்தாள். சோபாவில் உட்கார்ந்தாள். நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்கும்மா."

"அப்ப... பாஸா மேடம்?"

டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜக் கண்ணீர்.

"மனசுல போன வாரமே பாஸ் போட்டுட்டேன். உங்க கணவர் ஆபீசுக்கு வந்தாரே, அன்னிக்கு. நிஜக் கணவரைச் சொல்றேன்!"

டீச்சர் இரண்டடி பின்வாங்கினாள்.

"'எனக்கு அப்பா ஆகற பொறுமை கிடையாது. நான் விலகிக்கறேன், விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். அவ நல்ல அம்மாவா இருப்பா, குழந்தையை அவளுக்கே குடுங்க'ன்னு கெஞ்சினாரும்மா. தனியா இருக்கற பொண்ணும் தத்தெடுக்கலாம். சட்டத்துல இடமிருக்கு. இன்னிக்குக் காலையில அவரே உங்ககிட்ட சொல்றேன்னாரு. சொல்லலையா?"

"நான்... சொல்ல விடலை..."

டீச்சர் பூட்டிய பாத்ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பாதியில் நின்ற அந்த வாக்கியத்தின் மிச்சம் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"தெரியும். உங்க தம்பி மூணாவது கேள்வியிலயே சாவியை எடுத்து நீட்டி, எல்லாத்தையும் கொட்டிட்டாரு. நான் போனும் பண்ணிட்டேன்."

தெருமுனையில் சைரன்!

அதிகாரி ஃபைலைப் புரட்டினாள்.

"எல்லாப் பேப்பரும் கச்சிதமா இருக்கு. போலீஸ் தரவேண்டிய நன்னடத்தைச் சான்றிதழ் ஒண்ணுதான் பாக்கி... அதுக்காக நீங்க ஸ்டேஷனுக்கு அலைய வேணாம்மா, அவங்களே வீடு தேடி வராங்க!"