ரெமேதியோஸ் கூப்பிடுகிறாள்

"வெளிய வாங்க, ஆறுறதுக்குள்ள வாங்க!" என்று பதிவு முடிந்ததும் கொஞ்ச நேரம் மௌனம் இருக்க வேண்டும். இருந்தது மூச்சு. நனைந்த துணியை மூக்கில் அழுத்திக்கொண்டு இழுப்பதுபோல் ஒரு மூச்சு.

ஒப்துலியாவுக்கு முதலில் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. குரல் அவளுடைய தங்கை ரெமேதியோஸுடையது. மெக்சிகோவின் புவேப்லா ஊரில், சோளமாவைத் தோலில் பொதிந்து அவித்த தமாலே விற்கிற வண்டிக்கு வண்டி ஒரு குரல் உண்டு. பதிவு செய்து கூம்பு ஸ்பீக்கரில் ஓடவிடுவார்கள். கேட்டதும் ஜனங்கள் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். இந்த வண்டியின் தமாலேயை அவித்தவளும் ரெமேதியோஸ்தான், கூவியவளும் அவள்தான். மழைக்காலம் தொடங்கிய வாரம், எவனோ லாரிக்காரனோடு எல்லை தாண்டி வடக்கே போய்விட்டாள் என்று அவள் புருஷன் எவரிஸ்தோ வந்து சொன்னான். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது. அம்மாவின் நினைவுப் பூசைக்குக்கூட. போனவள் எங்கே, இருக்கிறாளா என்றாவது தெரிந்தால் போதும் என்று ஒப்துலியா தவித்துக்கொண்டிருக்க, இவனோ போனவள் குரலை வைத்தே வியாபாரம் பண்ணுகிறான்.

ஒப்துலியாவின் ரேடியோ ரிப்பேர் கடை வாசலில்தான் எவரிஸ்தோ வண்டியை நிறுத்தியிருந்தான். கூரை ஸ்பீக்கரின் ஒயரை உள்ளே இழுத்து, குரல் ஓடும் பெட்டியை மேஜைமேல் வைத்திருந்தான்.

"அந்த இழுப்பை மட்டும் வெட்டிருங்க மதினி. ஜனங்க முகம் சுளிக்குது."

"பொண்டாட்டி வேணாம், அவ தொண்டை மட்டும் வேணுமாக்கும்?"

"ஓடுனவ உங்க தங்கச்சி. எங்கிட்ட ஏன் பாயுறீங்க?"

அவள் பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். உள்ளே நகத்தளவு சிப். கார்டில் இருக்கும் பதிவைப் பிரித்து ஒலியாக்குவது அதன் வேலை. அதற்கு ஒரு கோணல் புத்தி: எண் ஏற ஏறச் சத்தம் குறையும், பூஜ்யம் வைத்தால் முழுத் தொண்டை. இருநூறு வைத்தாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது, வாசலில் வண்டிமேல் கொதிக்கும் அண்டாவிலிருந்து சோளத்தோல் வேகும் வாசனை வந்து ஈயப் புகையோடு கலந்தது, அதற்கெல்லாம் அடியில் தங்கையின் குரல் கொசுவைப்போல் முணுமுணுத்தது.

கீச்சொலியைக் குறைத்தாள். மூச்சு போகவில்லை. திரும்பத் திரும்ப ஓடுவதை நிறுத்தினாள். குரல் நிற்கவில்லை. வேகத்தைப் பாதியாக்கினாள்.

மூச்சுக்குள் பேச்சு.

"லூலா..."

அந்தச் செல்லப் பெயரால் அவளைக் கூப்பிடுகிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

"லூலா, மழை பெய்யுது. தொட்டியில தண்ணி ஏறுது."

எவரிஸ்தோ வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இரும்பு மூடி. மாவு பிசைவது பம்பு வழியே வரும் அந்தத் தண்ணீரில்தான். ஒப்துலியா காலையில் அவன் அவித்த இரண்டு தமாலே தின்றிருந்தாள்.

கார்டைப் பிடுங்கினாள். இனி ஓட எதுவும் இல்லை.

ஓடியது.

"மூடியத் தொற, லூலா. என் நகமெல்லாம் போச்சு."

ஒப்துலியா மெல்லத் திரும்பினாள்.

"தொட்டி மூடி மேல சிமெண்ட் மூட்டைய அடுக்கி வச்சிருக்கியே. எதுக்குடா?"

அவன் முகம் புளித்த மாவுபோல் வெளுத்தது. "நிறுத்துங்க மதினி. சத்தத்தை அடியோட எடுங்க!" அவளைத் தள்ளிவிட்டுக் கீபோர்டை இழுத்தான். இருநூறை அழித்தான். பூஜ்யத்தைத் தட்டினான். என்டர் பொத்தான்மேல் அவன் விரல் நின்றது.

பூஜ்யம் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் கையை எடுத்துவிடுவான். ஒப்துலியா கையைக் கட்டிக்கொண்டாள்.

"அமுக்குடா."

அமுக்கினான்.

"வெளிய வாங்க! வெளிய வாங்க! மூடியத் தொறங்க!"

தெரு அதிர்ந்தது. கதவுகள் திறந்தன. பழக்கம். தட்டோடு வந்தார்கள். வண்டியைச் சூழ்ந்தார்கள். மழை நின்றிருந்தது. ஸ்பீக்கரின் வாயிலிருந்து மட்டும் தண்ணீர் ஒழுகியது. கலங்கல் தண்ணீர்.

நீட்டிய தட்டுகள் தாழ்ந்தன.

அண்டாவின் மூடி அசைந்தது. ஆவி.

ஆவி இல்லை. விளிம்பில் விரல்கள். நகமில்லாத விரல்கள்.

உள்ளேயிருந்து, மெதுவாக, மூடியைத் தூக்கின.