எழிலன் உருண்ட பக்கம்

கொளஞ்சி கட்டிய சுவரில் எறும்பு நுழையக்கூட இடம் இருக்காது. இருபது வருடமாகக் கிள்ளைப் பக்கத்தில் அவரைப் பற்றி எல்லோரும் சொன்னது இதுதான். வம்பு வந்ததும் இதனால்தான்.

2010ஆம் வருடம், நல்ல கோடை. சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் சாலையோரம் ஒரு பால்வாடி எழும்பிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அது இனிமேல்தான் பள்ளிக்கூடம். ஆனால் பதினாறு பெரியவர்களுக்கு அப்போதே பள்ளிக்கூடம். கொத்தனார்களும், மண்ணும் கல்லும் சுமந்த சித்தாள் பெண்களும் புதுவிதச் சுவர் கட்டும் பயிற்சியை அங்கேதான் எடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் வித்யாலட்சுமி என்ற இளம் என்ஜினியர்.

அந்தச் சுவருக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைப்பார்கள். வெளியே ஒரு கல், உள்ளே ஒரு கல், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு கல். நடுவில் எலிப்பொறியைப் போல வெற்றிடம்.

"நூறு கல் புடிக்கிற எடத்துல எழுபத்தஞ்சு போதும்" என்பார் வித்யாலட்சுமி. "கல் கொறஞ்சா சூளையில எரியிறது கொறையும், பொகையும் கொறையும். நடுவுல இருக்குற காத்து வெயில உள்ள வுடாது."

கொளஞ்சியின் தலை ஆடும். மனம் ஆடாது.

பயிற்சியின் முடிவில் பரீட்சை உண்டு. தேறினால் கடலோரத்தில் நாற்பது வீடு கட்டும் வேலை. தேறாவிட்டால் கொளஞ்சி மறுபடியும் பெங்களூருக்குப் போக வேண்டியதுதான். அங்கே இருந்த மச்சான் தங்கராசு வேறு, வா வா என்று போன் செய்துகொண்டே இருந்தார். போனால் பொங்கலுக்குத்தான் திரும்ப முடியும்.

போன தடவை அவர் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியபோது, மகன் எழிலன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "யாரு இது?" என்று கேட்டுவிட்டு அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அவனுக்கு இப்போது மூன்று வயது. கேட்டதை மறந்துவிட்டான். பத்து வயது அக்கா சிவசக்தி மறக்கவில்லை.

அம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போவதால், விடுமுறையில் சிவசக்திதான் அப்பாவுக்குச் சோறு கொண்டுவருவாள். ஒரு கையில் தூக்கு, இன்னொரு கையில் எழிலன்.

சுவர்கள் எழும்பிவிட்டன. கூரை போடவில்லை. நிழலுக்காக மேலே தென்னங்கீற்று போட்டிருந்தார்கள். மேற்குச் சுவரில் வலது பாதி கொளஞ்சி கட்டியது. இடது பாதி ஜெயராணி கட்டியது. எட்டு வருடம் சித்தாளாக இருந்த ஜெயராணிக்கு அதுதான் முதல் சுவர்.

"இந்தா ஜெயராணி, உன் சொவுத்துல எலி குடித்தனம் வரப்போவுது. மறக்காம வாடகை வாங்கிக்க" என்றார் கொளஞ்சி.

"வரட்டும்ணே. எலிக்கும் ஒரு வீடு வேணும் இல்ல?" என்றாள் ஜெயராணி.

சாப்பாடு முடிந்ததும் சிவசக்தி, அப்பா கட்டிய பாதியின் ஓரம் துண்டை விரித்து எழிலனைப் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தூக்கத்திலேயே உருண்டு ஜெயராணியின் பக்கம் போய்விட்டான். எறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தாள். எறும்பைத் தேடினாள், இல்லை. தூக்கிவந்து பழைய இடத்தில் போட்டாள். மறுபடியும் உருண்டான். மூன்றாவது தடவையும் அதே கதை. அங்கே போய்ச் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு குறட்டை வேறு.

சிவசக்தி தன் கன்னத்தையும் சுவரில் வைத்துப் பார்த்தாள். ஜெயராணியின் பக்கம் வெதுவெதுவென்று இருந்தது. அப்பாவின் பக்கம் தோசைக்கல்.

விரலை மடக்கித் தட்டினாள். ஜெயராணியின் பக்கம் 'டொக், டொக்'. அப்பாவின் பக்கம் 'தப், தப்'.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் சைக்கிளில் போகும்போது மெல்லக் கேட்டாள். "அப்பா, உன் சொவுத்துக்குள்ள இன்னா இருக்கு?"

சைக்கிள் கொஞ்சம் கோணலாகப் போய் நேரானது.

"அடச்சிட்டேன் பாப்பா" என்றார் கொளஞ்சி. "மேடம் மூணு நாளு கடலூருக்குப் போயிருந்தாங்க இல்ல, அப்ப, காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடியே. ஒடஞ்ச கல்லு, கலவை எல்லாம் போட்டு ரொப்பிட்டேன். ஓட்டையோட வுட்டுட்டு வர கையி வரல."

"ஏன்பா?"

"நாளைக்கு அது மேல கூரை ஏறும். கீழ நம்ம எழிலன் மாதிரி பசங்க படுக்கும். விழுந்துச்சுன்னா?"

"அத மேடத்தையே கேக்கலாம் இல்ல?"

"இருவது வருசக் கொத்தனாரு போயி, சொவுரு நிக்குமான்னு கேப்பானா? ஜெயராணி சிரிக்கும். ஊரே சிரிக்கும்."

பரீட்சைக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. மேடத்திடம் சொன்னால் அப்பாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் அப்பாவுக்குப் பெங்களூர். வீடு வந்து சேரும்வரை சிவசக்தி இதையே யோசித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பாவின் துண்டை அவர் கட்டிய பாதியின் ஓரத்திலேயே விரித்தாள். "இங்க படுப்பா."

கொளஞ்சி படுத்தார். தூங்கினார். அரைமணி நேரம் கழித்து ஜெயராணியின் குரல்தான் அவரை எழுப்பியது.

"இன்னாண்ணே, என் எல்லைக்குள்ள வந்து படுத்திருக்கீங்க? நானு வாடகை கேக்கட்டுமா?"

கொளஞ்சி திடுக்கிட்டு எழுந்தார். துண்டு அங்கே கிடந்தது. அவர் இங்கே இருந்தார். பக்கத்திலேயே எழிலனும் உருண்டு வந்து கிடந்தான். கொளஞ்சி ஜெயராணியின் பாதியில் உள்ளங்கையை வைத்தார். நடந்துபோய்த் தன் பாதியிலும் வைத்தார். பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மதியப் பயிற்சி தொடங்கியது. "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று வித்யாலட்சுமி வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல யாரும் வாய் திறக்கவில்லை.

சிவசக்தி எழுந்து கையைத் தூக்கினாள்.

"மேடம், எனக்கு ஒண்ணு கேக்கணும். எனக்கு ரொம்ப பயமா இருக்கு. எந்தம்பி இங்கதான் வந்து படுப்பான். உள்ள ஓட்டையா இருந்தா சொவுரு விழாதா?"

யாரோ ஒருவர் சிரித்தார். கொளஞ்சி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டார்.

"நல்ல கேள்வி. இத்தன நாளா ஒருத்தரும் கேக்கலியேன்னு பாத்தேன்" என்றார் வித்யாலட்சுமி. "சரி, ஒசரத்துல வேலை செய்ய நீங்க எல்லாம் எது மேல ஏறி நிக்கிறீங்க?"

"சாரத்து மேல" என்றாள் ஜெயராணி.

"சாரத்த எதால கட்டுறீங்க?"

"மூங்கில்ல."

"மூங்கிலுக்குள்ள இன்னா இருக்கு?"

"ஓட்டைதான்" என்றாள் ஜெயராணி. கொளஞ்சி தலையை நிமிர்த்தினார். இருபது வருடம் அவர் ஏறி நின்றது ஓட்டையின் மேல்தான்.

"வாய் வார்த்தை வேணாம். வெச்சே பாத்துடலாம்" என்றார் வித்யாலட்சுமி. போன மாதம் பழகுவதற்காக எலிப்பொறிக் கட்டில் கட்டிய இரண்டு குட்டைச் சுவர்கள் அங்கே இருந்தன. அவற்றின் மேல் பலகைகளைப் போட்டு, சிமெண்டு மூட்டைகளை அடுக்கச் சொன்னார்.

பத்து மூட்டை ஏறியது. சுவர் அசையவில்லை.

"போதும்" என்றார் வித்யாலட்சுமி.

"இன்னும் ஒண்ணு வெக்கலாம் மேடம்" என்றார் கொளஞ்சி. தானே ஒரு மூட்டையைத் தூக்கிவந்தார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இருபது ஆனபோது சட்டை நனைந்துவிட்டது. குனிந்து சுவரின் ஒவ்வொரு கல்லையும் தடவிப் பார்த்தார். தலைமுடி அளவுக்குக்கூட விரிசல் இல்லை.

நிமிர்ந்து மூச்சு வாங்கினார்.

"மேடம், என் பக்கத்து சொவுத்தப் பிரிக்கணும்."

"ஏன்?"

"அடச்சி வெச்சிருக்கேன். ஓட்டைச் சொவுத்த நம்ப முடியல எனக்கு. இப்ப நம்புறேன்."

ஜெயராணி சிரிக்கப்போகிறாள் என்று சிவசக்தி பயந்தாள். ஜெயராணி சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, நானும் வரேன். கல்ல ஒடையாம எடுக்கணும். நீங்க தனியா பிரிச்சா கோவத்துல எல்லாத்தையும் ஒடச்சிப்புடுவீங்க."

மூன்று நாளில் சுவர் மறுபடியும் எழுந்தது. உள்ளே அடைத்திருந்த துண்டுகள் மட்டும் ஏழு கூடை இருந்தன. சிவசக்தி கலவையைச் சுரண்டிக் கற்களைச் சுத்தம் செய்தாள். எழிலன் ஒரே ஒரு கல்லுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றினான்.

பரீட்சைக்குக் கடலூரிலிருந்து சுப்பிரமணியன் என்ற அதிகாரி வந்தார். சுவரைத் தட்டினார். தூக்குக் குண்டு பிடித்துப் பார்த்தார். கொளஞ்சியிடம் வந்து, "நடுவுல காலியா விட்டிருக்கீங்களே, இது எப்படி நிக்கும்?" என்று மடக்கினார்.

"நீங்க மூங்கில் சாரத்துல ஏறியிருக்கீங்களா சார்?" என்று ஆரம்பித்த கொளஞ்சி கால்மணி நேரம் விடவில்லை. சுப்பிரமணியன்தான் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பதினாறு பேரில் பதினான்கு பேர் தேறினார்கள். கொளஞ்சியும் ஜெயராணியும் அந்தப் பதினான்கில் இருந்தார்கள்.

அன்று மதியம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தபோது தங்கராசுவின் போன் வந்தது. கொளஞ்சி மேற்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழிலன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"எப்ப வர்ற மச்சான்?"

"வரல மச்சான். இங்கியே வேலை கெடச்சிடுச்சு. நாப்பது வீடு."

"அடேங்கப்பா! இன்னா வேலை?"

"சொவுத்துக்குள்ள ஓட்டை வுடுற வேலை."

தங்கராசு கவலையோடு கேட்டார். "அங்க வெயில் ரொம்ப ஜாஸ்தியா மச்சான்?"

"வெளிய ஜாஸ்திதான்" என்றார் கொளஞ்சி. "உள்ள தேவலாம்."